162 ஆட்டங்களை எப்படிப் பின்தொடர்வது? பேஸ்பாலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்களுக்குப் பேஸ்பால் விதிகள் பெரிய கஷ்டமில்லை. பந்து எறிகிறார்கள், அடிக்கிறார்கள், ஓடுகிறார்கள். இரண்டு மூன்று ஆட்டம் பார்த்தால் பிடிபட்டுவிடும். நம்மை ஓட வைப்பது சீசனின் நீளம். அமெரிக்காவின் மேஜர் லீக்கில் ஓர் அணிக்கு 162 ஆட்டம். மார்ச் கடைசியில் தொடங்கிச் செப்டம்பர் கடைசி வரை, வாரத்தில் ஆறு நாளாவது ஆட்டம் இருக்கும். ஐபிஎல்லில் 14 லீக் ஆட்டம்தான். இரண்டு தோற்றாலே நாம் ரன் ரேட் கணக்குப் போட ஆரம்பித்துவிடுவோம். அதே மனதோடு இங்கே வந்தால் மே மாதத்துக்குள் சலித்துப்போகும். எனக்கு முதல் வருடம் அப்படித்தான் ஆயிற்று. தினமும் பார்க்க முயன்றேன், ஒவ்வொரு தோல்விக்கும் வருத்தப்பட்டேன், ஐந்தாவது வாரத்தில் விட்டுவிட்டேன்.

அடுத்த வருடம் வேறு மாதிரி தொடங்கினேன். நடந்து முடிந்த ஒரு சீசனை எடுத்துக்கொண்டு, பாடப்புத்தகம் போல ஆரம்பத்திலிருந்து படித்தேன். ஒவ்வோர் ஆட்டத்தின் ஸ்கோர் விவரமும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. முக்கியமான ஆட்டங்களின் சுருக்க வீடியோவும் கிடைக்கிறது. உங்களுக்கும் அதையே சொல்வேன். எடுத்துக்கொள்ள வேண்டிய சீசன் வாஷிங்டன் நேஷனல்ஸ் அணியின் 2019. பேஸ்பால் சீசன் என்றால் என்னவென்று அதைவிட நன்றாகக் கற்றுத்தரும் வருடம் எனக்குத் தெரிந்து இல்லை.

படி 1: ஓர் அணி, ஒரே ஓர் அணி

மொத்தம் 30 அணிகள். அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் என்று இரண்டு லீக். ஒவ்வொன்றிலும் கிழக்கு, மத்தி, மேற்கு என்று மூன்று டிவிஷன், டிவிஷனுக்கு ஐந்து அணி. முப்பதையும் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. உங்கள் அணியையும் அதே டிவிஷனில் உள்ள மற்ற நான்கையும் தெரிந்துகொண்டால் முதல் வருடத்துக்குப் போதும். நேஷனல்ஸ் என்றால் அட்லாண்டா, ஃபிலடெல்ஃபியா, நியூயார்க் மெட்ஸ், மயாமி.

அமெரிக்காவில் இருப்பவர்கள் பக்கத்து ஊர் அணியை எடுத்துக்கொள்ளுங்கள். மைதானத்துக்குப் போக முடிவது பெரிய வசதி. ஆனால் லீக்கின் சொந்த இணையச் சேவைக்குச் சந்தா கட்டுமுன் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள்: உள்ளூர் அணியின் ஆட்டம் உள்ளூர்க்காரர்களுக்கு அதில் பெரும்பாலும் தெரியாது.

ஊரிலிருந்து பார்ப்பவர்கள் நேரத்தை வைத்துத் தேர்ந்தெடுக்கலாம். கோடைக்கால நேரப்படி, கிழக்குக் கரையில் இரவு 7:05க்குத் தொடங்கும் ஆட்டம் சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் விடியற்காலை 4:35. சிங்கப்பூரில் காலை 7:05. மேற்குக் கரை ஆட்டம் என்றால் நமக்குக் காலை ஏழரைக்கு மேல், வேலைக்குக் கிளம்பும் நேரம். வார இறுதியில் கிழக்கே பகல் 1:05க்கு நடக்கும் ஆட்டம் நமக்கு இரவு 10:35. சனி, ஞாயிறு இரவு அதுதான் வசதி.

படி 2: விதிகள் இவ்வளவு போதும்

ஒன்பது இன்னிங்ஸ். ஒவ்வோர் இன்னிங்ஸிலும் இரண்டு அணிக்கும் தலா மூன்று அவுட். வெளியூர் அணி முதலில் அடிக்கும், உள்ளூர் அணி பின்னால். அடிக்க முயன்று தவறவிட்டதும், அடிக்கக்கூடிய இடத்தில் வந்தும் விட்டதும் ஸ்ட்ரைக். மூன்று ஸ்ட்ரைக் ஆனால் அவுட். அந்த இடத்துக்கு வெளியே வந்து பேட்டர் தொடாமல் விட்டது ‘பால்’. நான்கு பால் ஆனால் பேட்டர் சும்மாவே முதல் பேஸுக்கு நடந்து போகலாம். முதல், இரண்டாம், மூன்றாம் பேஸைச் சுற்றி வந்து, பேட்டர் நின்ற இடமான ஹோம் பிளேட்டைத் தொட்டால் ஒரு ரன். ஓர் அணி நான்கைந்து ரன் எடுப்பதே சாதாரணம் என்பதால் ஒவ்வொரு ரன்னுக்கும் நல்ல மதிப்பு உண்டு.

கிரிக்கெட்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியவை சில. இரண்டு கோட்டுக்கு வெளியே போகும் அடி செல்லாது. நம் லேட் கட்டுக்கு இங்கே வேலையில்லை. உள்ளே அடித்தால் ஓடியே ஆக வேண்டும், கிரீஸில் நின்று யோசிக்க முடியாது. ஆட்டத்திலிருந்து வெளியே எடுக்கப்பட்டவர் அன்றைக்குத் திரும்பி வர முடியாது. மேலாளர் ஒரு பிட்சரை, அதாவது பந்து எறிபவரை, எடுக்கும்போது அவ்வளவு யோசிப்பது இதனால்தான். டிரா கிடையாது. ஒன்பது இன்னிங்ஸில் சமனாக இருந்தால் முடிவு தெரியும் வரை ஆடுவார்கள். வழக்கமான சீசனில் பத்தாவது இன்னிங்ஸிலிருந்து இரண்டாம் பேஸில் ஓர் ஆளை நிறுத்தித் தொடங்குவார்கள். 2023 முதல் பிட்சருக்குக் கடிகாரமும் உண்டு: பேஸ் காலியாக இருந்தால் 15 வினாடி, ஆள் இருந்தால் இப்போது 18. இது வந்த பிறகு ஆட்டம் பெரும்பாலும் இரண்டே முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது.

மற்றதெல்லாம் பார்க்கப் பார்க்கத் தெரிந்துவிடும்.

படி 3: பட்டியலைப் படிக்கப் பழகுங்கள்

புள்ளிகள் இல்லை. வெற்றி, தோல்வி இரண்டுதான். பக்கத்தில் ‘எத்தனை ஆட்டம் பின்னால்’ என்று ஓர் எண் இருக்கும். 2019 முடிவில் அட்லாண்டா 97-65, வாஷிங்டன் 93-69. வெற்றியில் நான்கு வித்தியாசம், தோல்வியில் நான்கு வித்தியாசம். கூட்டி இரண்டால் வகுத்தால் நான்கு. அதாவது நான்கு ஆட்டம் பின்னால்.

அடுத்தது, எடுத்த ரன்னுக்கும் கொடுத்த ரன்னுக்கும் உள்ள வித்தியாசம். நம் நெட் ரன் ரேட்டுக்கு உறவுக்காரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். சமநிலையைப் பிரிக்க இது பயன்படாது, ஆனால் அணியின் உண்மையான பலத்தைக் காட்டும். ஓர் அணி ஒரு ரன்னில் நிறையத் தோற்று, பெரிய வித்தியாசத்தில் ஜெயித்துக்கொண்டிருந்தால் அது பட்டியலில் தெரிவதைவிட நல்ல அணி. நேஷனல்ஸ் அந்த வருடம் 873 ரன் எடுத்து 724 கொடுத்தார்கள்.

வெற்றி விகிதத்துக்கும் மனதைப் பழக்குங்கள். இங்கே பத்தில் ஆறு ஜெயிக்கும் அணி மிக நல்ல அணி. 2024இல் சிகாகோ வைட் சாக்ஸ் 121 ஆட்டம் தோற்றது. நவீன காலத்தில் ஒரு சீசனில் எந்த அணியும் அத்தனை தோற்றதில்லை. அவர்களும் 41 ஆட்டம் ஜெயித்தார்கள். எல்லா அணியும் 54 ஜெயிக்கும், 54 தோற்கும், மீதி 54இல்தான் விஷயம் இருக்கிறது என்று பேஸ்பால்காரர்கள் காலங்காலமாகச் சொல்வார்கள்.

படி 4: 50 ஆட்டம் வரை தீர்ப்பு சொல்லாதீர்கள்

இங்கேதான் 2019 நேஷனல்ஸ் வேண்டும். அந்த அணியின் முகமாக இருந்த பிரைஸ் ஹார்ப்பர், சீசன் தொடங்கும் முன் 13 வருடம், 33 கோடி டாலர் ஒப்பந்தத்தில் ஃபிலடெல்ஃபியாவுக்குப் போய்விட்டார். மார்ச் 28 முதல் ஆட்டத்தில் மெட்ஸிடம் 2-0 தோல்வி. அடுத்த சில நாளில் ட்ரே டர்னருக்கு விரல் முறிந்தது. அவரைத் தொடர்ந்து ஆன்டனி ரென்டோன், ஹுவான் சோட்டோ, ரயன் சிம்மர்மேன் என்று முக்கியமானவர்கள் ஒவ்வொருவராகக் காயத்தில் உட்கார்ந்தார்கள். கடைசி இன்னிங்ஸ்களில் வந்து எறிய வேண்டிய பிட்சர்கள் கையில் இருந்த ஆட்டங்களைக் கோட்டைவிட்டார்கள். மே 23 அன்று, நியூயார்க்கில் மெட்ஸிடம் நான்கு ஆட்டமும் தோற்று முடித்தபோது கணக்கு 19-31.

பத்திரிகைகள் மேலாளர் டேவ் மார்ட்டினெஸின் வேலை போகும் என்று எழுதின. அவர் வீரர்களிடம் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: இன்றைக்கு 1-0 ஆகுங்கள். நேற்றைக் கணக்கில் சேர்க்காதீர்கள், நாளையை யோசிக்காதீர்கள். அதற்குப் பிறகு ஆடிய 112 ஆட்டத்தில் 74 வெற்றி, 38 தோல்வி.

நீங்கள் செய்ய வேண்டியது இது: அந்த மே 23 அன்று நிறுத்தி, அணியின் நிலவரத்தைப் படித்து, மீதி எப்படிப் போகும் என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். அப்புறம் ஜூன் மாதத்துக்குப் போங்கள். நான் எழுதிய தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. ‘ஷெர்சரை விற்றுவிடுவார்கள்’ என்று எழுதியிருந்தேன்.

அணியின் முக்கியப் பிட்சரான அந்த மேக்ஸ் ஷெர்சர் ஜூன் 18 அன்று பந்தைத் தட்டிவிடும் பயிற்சியில் முகத்தில் அடி வாங்கி மூக்கை உடைத்துக்கொண்டார். மறுநாள் இரவு, ஒரு கண்ணைச் சுற்றி ஊதாவும் கருப்புமாகக் கன்றிய முகத்தோடு ஃபிலடெல்ஃபியாவுக்கு எதிராக ஏழு இன்னிங்ஸ் எறிந்தார். ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை, பத்து பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார். அதே நாளில்தான், மே மாதம் புதிதாக வந்து சேர்ந்த வெனிசுவேலாக்காரர் ஹெரார்டோ பாரா, தான் களத்துக்கு வரும்போது ஒலிக்கும் பாட்டை மாற்றினார். இரண்டு வயது மகளுக்குப் பிடித்த, சுறாமீனைப் பற்றிய குழந்தைப் பாட்டு. அக்டோபர் வருவதற்குள் மொத்த மைதானமும் இரண்டு கையையும் சுறாவின் வாய் போலத் திறந்து மூடிக்கொண்டிருந்தது.

படி 5: பிட்சர் வரிசையைப் பிடித்துக்கொள்ளுங்கள்

162 ஆட்டத்தில் எதைப் பார்ப்பது, எதை விடுவது? இதற்கு நல்ல வழி ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சரைப் பார்ப்பது. ஒருவர் எறிந்த பிறகு நான்கைந்து நாள் ஓய்வு வேண்டும் என்பதால் ஓர் அணி ஐந்து பேரை வரிசையாகச் சுழற்றும். யார் எந்த நாள் எறிவார் என்பது இரண்டு மூன்று நாள் முன்பே தெரியும். உங்களுக்குப் பிடித்த ஒரு பிட்சரைத் தேர்ந்தெடுத்து அவர் எறியும் நாளில் மட்டும் முழு ஆட்டம் பாருங்கள். சீசனுக்கு 30, 32 ஆட்டம் வரும். மற்ற நாள் ஸ்கோரும் பத்து நிமிடச் சுருக்கமும் போதும்.

2019 நேஷனல்ஸில் ஷெர்சர், ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பர்க், பேட்ரிக் கார்பின், அனிபால் சான்செஸ் நால்வரும்தான் அணியின் முதுகெலும்பு. நான் ஸ்ட்ராஸ்பர்க்கை எடுத்தேன். 209 இன்னிங்ஸ், 18 வெற்றி. நேஷனல் லீக்கில் அந்த வருடம் யாரும் அத்தனை ஜெயிக்கவில்லை. ஒரே ஆளை ஏப்ரலிலிருந்து பார்த்துக்கொண்டு வந்தால், எந்தப் பந்து அன்றைக்கு வசப்படவில்லை, அதற்காக எதை மாற்றுகிறார் என்பது ஜூலையில் உங்களுக்கே தெரியத் தொடங்கும்.

படி 6: ஓர் ஆட்டத்தையாவது கையால் எழுதுங்கள்

நேஷனல்ஸ் பார்க்கில் எனக்குப் பக்கத்து இருக்கையில் ஒரு பெரியவர் மடியில் அட்டையை வைத்து, பென்சிலால் ஏதோ குறித்துக்கொண்டே இருந்தார். நான் எட்டிப் பார்ப்பதைக் கவனித்து அட்டையை என் பக்கம் சாய்த்தார். சின்னச் சின்னக் கட்டம், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு வைரம். அதுதான் மைதானம். பேட்டர் முதல் பேஸுக்குப் போனால் வைரத்தின் வலது கீழ்ப் பக்கத்தில் ஒரு கோடு, இரண்டாவதுக்குப் போனால் அடுத்த கோடு. முழுதும் சுற்றி வந்தால் உள்ளே கருப்பாகத் தீட்டிவிடுவார். ஸ்ட்ரைக் அவுட்டுக்கு ஆங்கில ‘கே’. மட்டையை வீசாமல் நின்றபடியே அவுட்டானால் அதே எழுத்து திரும்பி நிற்கும்.

ஒன்பது இடங்களுக்கும் எண் உண்டு: பிட்சர் 1, கேட்சர் 2, முதல் பேஸ் 3, இரண்டாம் பேஸ் 4, மூன்றாம் பேஸ் 5, இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப் 6, இடது வெளிக்களம் 7, நடு 8, வலது 9. அவர் ஒரு கட்டத்தில் ‘6-4-3’ என்று எழுதினார். ஷார்ட்ஸ்டாப் எடுத்து, இரண்டாம் பேஸ்காரருக்கு எறிந்து, அவர் முதல் பேஸுக்கு எறிந்தார். ஒரே பந்தில் இரண்டு அவுட். நான்கு வினாடியில் கண் முன்னால் நடந்ததை மூன்று எண்ணில் எழுதிவிட்டார்! ஏழாவது இன்னிங்ஸில் பென்சிலை என் கையில் கொடுத்து, “இனி நீங்கள் எழுதுங்கள்” என்றார். நான் இரண்டு இடத்தில் தப்பாக எழுதினேன். திருத்தவில்லை, அட்டையையே எனக்குக் கொடுத்துவிட்டார்.

அன்றைக்குத்தான் பேஸ்பால் எனக்குள் இறங்கியது. வெற்று அட்டை இணையத்தில் கிடைக்கும், அச்செடுத்துக்கொள்ளுங்கள். கை எழுதும்போது கண் தானாகக் கவனிக்கும்.

படி 7: ஜூலை

ஜூலை நடுவில் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்காகச் சில நாள் இடைவெளி. மாதக் கடைசியை ஒட்டி வீரர் பரிமாற்றத்துக்குக் கெடு. மேலே போகும் அணி வாங்கும், கீழே போன அணி விற்கும். உங்கள் அணியின் நிர்வாகம் அந்த வருடத்தை எப்படி எடைபோடுகிறது என்று அன்றைக்குத் தெரிந்துவிடும். நேஷனல்ஸ் அந்தக் கெடு நாளில் தங்கள் பலவீனமான இடத்துக்குத்தான், கடைசி இன்னிங்ஸ்களில் எறிவதற்குத்தான், ஆள் வாங்கினார்கள். டொராண்டோவிலிருந்து வந்த டேனியல் ஹட்சன் பெயரை நினைவில் வையுங்கள்.

காயப்பட்டியலையும் இப்போது பாருங்கள். பிட்சர் என்றால் குறைந்தது 15 நாள், மற்றவர்களுக்கு 10 நாள், பெரிய காயம் என்றால் 60. களத்துக்கு உரிய பட்டியலில் 26 பேர், செப்டம்பரில் 28.

படி 8: செப்டம்பர் கணக்கு

முன்னணி அணிக்கு ஒரு ‘மேஜிக் நம்பர்’ சொல்வார்கள். 163இலிருந்து முன்னணி அணியின் வெற்றியையும், துரத்தும் அணியின் தோல்வியையும் கழியுங்கள். இவர்கள் 90 வெற்றி, அவர்கள் 66 தோல்வி என்றால் 7. இவர்கள் ஜெயித்தாலும் அவர்கள் தோற்றாலும் ஒன்று குறையும். பூஜ்யம் வந்தால் டிவிஷன் கையில்.

இப்போதைய முறைப்படி லீக்குக்கு ஆறு அணி பிளேஆஃப் போகும்: மூன்று டிவிஷன் வெற்றியாளர்கள், டிவிஷன் வெல்லாதவர்களில் நல்ல கணக்குள்ள மூன்று அணி (இவர்கள்தான் ‘வைல்டு கார்டு’). முதல் சுற்று மூன்று ஆட்டத் தொடர், அடுத்தது ஐந்து, அப்புறம் ஏழு, கடைசியில் இரண்டு லீக் வெற்றியாளர்களும் மோதும் வேர்ல்டு சீரிஸ் ஏழு. டிவிஷன் வென்றவர்களில் முதல் இரண்டு அணிக்கு முதல் சுற்று கிடையாது. 2019இல் வைல்டு கார்டு என்றால் ஒரே ஓர் ஆட்டம், தோற்றால் வீட்டுக்கு.

செப்டம்பர் 3 ஆட்டத்தைத் தவறாமல் பாருங்கள். மெட்ஸ் 10-4 என்று முன்னால் இருக்க, ஒன்பதாவது இன்னிங்ஸின் கடைசிப் பாதியில் நேஷனல்ஸ் ஏழு ரன் எடுத்தார்கள். கர்ட் சுசுகியின் ஹோம் ரன்னில் (எல்லைச் சுவரைத் தாண்டும் அடி, நம் சிக்ஸர் மாதிரி) 11-10. ஓவர் தீர்ந்துபோவது என்று ஒன்று இங்கே இல்லை. கடைசி அவுட் விழும் வரை வீடியோவை மூடாதீர்கள்.

செப்டம்பர் 24 அன்று டர்னர் மூன்று பேஸிலும் ஆள் நிற்க ஹோம் ரன் அடித்தார். நேஷனல்ஸுக்கு இடம் உறுதியானது. எதிரே இருந்த ஃபிலடெல்ஃபியா, ஹார்ப்பரோடு, வெளியேறியது.

படி 9: அக்டோபர்

இப்போது எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு ஒவ்வோர் ஆட்டமாகப் பாருங்கள். அக்டோபர் 1, மில்வாக்கியுடன் அந்த ஒற்றை ஆட்டம். எட்டாவது இன்னிங்ஸ், 3-1 என்று பின்னால். எறிபவர் ஜாஷ் ஹேடர், இடது கை, அன்றைக்கு அவர் பந்தைத் தொடுவதே கஷ்டம். ஒருவர் அவுட். அடுத்தவர் மேல் பந்து பட்டு முதல் பேஸ் போகிறார். இன்னொருவர் அவுட். சிம்மர்மேன் வருகிறார், 2005இல் மான்ட்ரியாலிலிருந்து அணி வாஷிங்டனுக்கு வந்த வருடமே சேர்ந்து, 2019 வரை வேறு எங்கும் ஆடாதவர். மட்டை உடைகிறது, ஆனால் பந்து உள்களத்தைத் தாண்டி விழுகிறது. ரென்டோன் பொறுமையாக நின்று நான்கு பால் வாங்குகிறார். மூன்று பேஸும் நிறைந்திருக்க, இருபது வயது சோட்டோ வலது பக்கம் அடிக்கிறார். ஓடி வந்த பீல்டரின் கையுறைக்குச் சிக்காமல் பந்து தாண்டிப் போகிறது. மூன்று பேரும் ஹோம் பிளேட்டைத் தொடுகிறார்கள். 4-3. அன்றைக்கு நடுவில் வந்து மூன்று இன்னிங்ஸ் ரன் கொடுக்காமல் எறிந்தவர் ஸ்ட்ராஸ்பர்க்.

அடுத்து 106 வெற்றி பெற்ற டாட்ஜர்ஸ். ஐந்தாவது ஆட்டம், மறுபடியும் எட்டாவது இன்னிங்ஸ், மறுபடியும் 3-1 பின்னால். கிளேட்டன் கெர்ஷா எறிந்த அடுத்தடுத்த இரண்டு பந்தில் ரென்டோனும் சோட்டோவும் ஹோம் ரன். பத்தாவது இன்னிங்ஸில் ஹோவி கென்ட்ரிக் மூன்று பேஸும் நிறைந்திருக்க ஹோம் ரன் அடித்தார். செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸை நான்குக்கு நான்கு வென்று வேர்ல்டு சீரிஸ்.

எதிரே 107 வெற்றி பெற்ற ஹூஸ்டன். முதல் இரண்டு ஆட்டம் ஹூஸ்டனில், நேஷனல்ஸ் ஜெயித்தார்கள். வாஷிங்டனுக்கு வந்து மூன்றையும் தோற்றார்கள். திரும்பிப் போய் மீதி இரண்டையும் ஜெயித்தார்கள். ஏழு ஆட்டத்திலும் வெளியூர் அணி மட்டுமே ஜெயித்த முதல் வேர்ல்டு சீரிஸ் அதுதான். கழுத்துப் பிடிப்பால் ஐந்தாவது ஆட்டத்தில் எறிய முடியாமல் போன ஷெர்சர், மூன்று நாள் கழித்து, அக்டோபர் 30 அன்று ஏழாவது ஆட்டத்தைத் தொடங்கினார். ஏழாவது இன்னிங்ஸில் 2-0 பின்னால். ரென்டோன் ஒரு ஹோம் ரன். அப்புறம் கென்ட்ரிக் அடித்த பந்து வலது பக்க எல்லைக் கம்பத்தில் பட்டது. கம்பத்தில் பட்டால் ஹோம் ரன். முடிவில் 6-2. தொடரின் சிறந்த வீரர் ஸ்ட்ராஸ்பர்க். வாஷிங்டன் நகரத்துக்கு 1924க்குப் பிறகு வந்த முதல் வேர்ல்டு சீரிஸ் பட்டம்.

கடைசி அவுட்டை எடுத்தவர் ஹட்சன். ஸ்ட்ரைக் அவுட் செய்துவிட்டுக் கையுறையைக் கழற்றி வீசினார்.

இதைப் படித்து முடிக்க எனக்கு ஒரு குளிர்காலம் ஆயிற்று. நீங்களும் நவம்பரில் தொடங்குங்கள், வாரத்துக்கு நான்கைந்து ஆட்டத்தின் ஸ்கோர் போதும். பிப்ரவரி நடுவில் ஃபுளோரிடாவிலும் அரிசோனாவிலும் பயிற்சி முகாம் திறக்கும். பிட்சர்களும் கேட்சர்களும்தான் முதலில் வருவார்கள். அந்தத் தேதியை நாட்காட்டியில் குறித்துக்கொண்டு, அதற்குள் உங்கள் அணியின் ஐந்து பிட்சர்கள் யார் என்று பார்த்து வையுங்கள்.